காய்ந்த ஓட்டு, நனைந்த தொண்டை

1917 டிசம்பர் 17. இனி இந்த நாட்டில் யாரும் மது காய்ச்சக் கூடாது, விற்கக் கூடாது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது என்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை முடிவெடுத்தது. ஆதரவு 282, எதிர்ப்பு 128. மறுநாள் செனட்டும் முத்திரை குத்தி மாநிலங்களுக்கு அனுப்பிவைத்தது. ‘ஆமாம்’ சொன்ன அந்த 282 பேரையும் வாசலில் வரிசையாக நிறுத்தி ஊதச் சொல்லியிருந்தால் தீர்மானம் தேறியிருக்குமா என்பது வேறு விஷயம். நல்லவேளை, ஊதிப் பார்க்கும் கருவியை அதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த அதிசயத்தை நடத்திக் காட்டியவர் எம்.பி.யும் இல்லை, செனட்டரும் இல்லை. வேய்ன் வீலர் என்று ஓர் ஒஹையோ வக்கீல். சிறிய உருவம், மூக்குக் கண்ணாடி. பார்த்தால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் சீட்டு எழுதுகிறவர் என்றுதான் நினைப்பீர்கள். சிறுவனாக இருந்தபோது பண்ணையில் ஒரு கூலியாள் குடிபோதையில் வைக்கோல் வாரும் கவையை இவர் காலில் குத்திவிட்டானாம். மேடைக்கு மேடை வீலரே சொன்ன கதை. காயம் ஆறிவிட்டது, கோபம் மட்டும் ஆறவில்லை. ஒருவன் குத்தினான் என்பதற்காக மொத்த தேசத்தையும் காய வைத்த மனிதர்.

வீலரின் சாராயக்கடை எதிர்ப்புச் சங்கம் 1893-இல் ஒஹையோவில் பிறந்தது. தேவாலயங்களில் காசு திரட்டி வளர்ந்த அமைப்பு. ஆனால் அதன் அரசியல் முறையில் பக்தி துளியும் கிடையாது. மதுவிலக்குக்காகத் தனிக்கட்சி ஒன்று ஏற்கெனவே இருந்தது. குடிக்காத உத்தமர்களைத் தேடிப்பிடித்து வேட்பாளராக நிறுத்தி, ஒவ்வொரு தேர்தலிலும் மண்ணைக் கவ்வியது. வீலர் அந்த வம்புக்கே போகவில்லை. நீ குடிப்பாயா, மாட்டாயா என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ராத்திரி எத்தனை ரவுண்டு போனாலும் சரி, காலையில் சபையில் ஓட்டு எந்தப் பக்கம்? அவ்வளவுதான் கேள்வி. இரண்டு கட்சிகள் சம பலத்தில் மோதும் தொகுதியில் நூற்றுக்குப் பத்துப் பேரை மொத்தமாக இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிட முடிந்தால் போதும், இரண்டு வேட்பாளருமே வந்து காலில் விழுவார்கள். ஒஹையோ கவர்னர் மைரன் ஹெரிக் சங்கத்தின் மசோதாவில் கை வைத்தார். 1905 தேர்தலில் அவருடைய குடியரசுக் கட்சிக்காரர்கள் மாநிலத்தில் ஜெயிக்க, ஹெரிக் மட்டும் தோற்றார். செய்தி வாஷிங்டனுக்குப் போய்ச் சேர நெடுநாள் ஆகவில்லை.

இப்படித்தான் குடிகாரர்கள் நிறைந்த ஒரு நாடாளுமன்றம் மதுவிலக்கு நாடாளுமன்றமானது. மதுவிலக்கை ஆதரித்தவர்களை ‘டிரை’ என்றும் எதிர்த்தவர்களை ‘வெட்’ என்றும் பத்திரிகைகள் பிரித்து எழுதின. ஓட்டை வைத்துத்தான் இந்தப் பெயர். தொண்டையை வைத்துப் பிரித்திருந்தால் டிரை கோஷ்டிக்கு ஒரு பெஞ்சு போதும்.

ஒஹையோவின் செனட்டர் வாரன் ஹார்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். விஸ்கி, சீட்டாட்டம், நண்பர்கள் என்று வாழ்ந்த நல்ல மனிதர். வீலரையும் பகைக்க முடியாது, பாட்டிலையும் பகைக்க முடியாது. என்ன செய்வது? மாநிலங்கள் ஒப்புதல் தருவதற்குக் காலக்கெடு வைக்க வேண்டும் என்றார். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு இப்படி ஒரு கெடு விதிப்பது அதுவரை இல்லாத வழக்கம். ஆறு வருஷத்துக்குள் 36 மாநிலங்கள் சம்மதிக்காவிட்டால் திருத்தம் செத்துவிடும். 36 மாநிலங்களாவது, ஆறு வருஷத்திலாவது! நாமும் ஆதரவாக ஓட்டுப் போட்டதாகிவிடும், விஷயமும் நடக்காது. எதிர்த்தரப்பில் பலருக்கும் இந்தக் கணக்குப் பிடித்துப்போயிற்று. பிரதிநிதிகள் சபை பெருந்தன்மையாகக் கெடுவை ஏழாக்கியது. மாநிலங்கள் 13 மாதத்தில் வேலையை முடித்துவிட்டன. 1919 ஜனவரி 16 அன்று நெப்ராஸ்கா 36-ஆவது மாநிலமாகக் கையெழுத்துப் போட்டது. சட்டசபைகளுக்குள்ளும் வீலரின் ஆட்கள் இருப்பார்கள் என்பதை ஹார்டிங் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். 1921-இல் அவர் ஜனாதிபதியானார். மதுவிலக்குச் சட்டத்தைக் காப்பாற்றுவதாகப் பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தவர் வீட்டு மாடியில் சீட்டுக் கச்சேரியும் விஸ்கியும் தடையில்லாமல் நடந்தன.

ஹார்டிங்காவது பயந்து மாட்டினார். மிசௌரியின் ஜேம்ஸ் ரீட் புத்திசாலித்தனம் முற்றி மாட்டியவர். இவர் அசல் வெட், மதுவிலக்கை எதிர்த்து மணிக்கணக்கில் முழங்கக் கூடியவர். அப்போதே பாதி மாநிலங்களில் மதுவிலக்கு இருந்தது. ஆனால் பல இடங்களில் பக்கத்து மாநிலத்திலிருந்து வீட்டுக்குப் பார்சல் வரவழைக்கத் தடையில்லை. ஊரில் கடையை மூடிய புண்ணியமும் கிடைத்தது, வாசலில் சரக்கும் கிடைத்தது. இந்த வேஷத்தைக் கலைக்கிறேன் பார் என்று கிளம்பிய ரீட், 1917 தொடக்கத்தில் தபால் துறை மசோதாவில் ஒரு வரியைச் செருகினார். மதுவிலக்கு மாநிலங்களுக்கு இனிப் பார்சலும் போகக் கூடாது. டிரை உறுப்பினர்கள் பதறிப்போய் எதிர்ப்பார்கள், அவர்கள் சாயம் வெளுக்கும் என்பது திட்டம். அவர்களோ எதிர்த்து ஓட்டுப் போட்டால் ஊரில் கேட்பார்களே என்று பயந்து மொத்தமாக ஆதரித்துவிட்டார்கள். அமெரிக்காவின் மிகக் கடுமையான மதுத் தடைகளில் ஒன்று, ஒரு குடிப்பிரியரின் பெயரிலேயே சரித்திரத்தில் நிற்கிறது.

இதற்கு நடுவே முதல் உலகப்போர் வேறு. பீர் ஆலை முதலாளிகள் பெரும்பாலும் ஜெர்மன் வம்சாவளி. பீர் குடித்தால் தேசத்துரோகி என்று சொல்ல அதற்கு மேல் என்ன வேண்டும்? அரசு வருமானத்தில் கணிசமான பங்கு மதுவரியாக வந்துகொண்டிருந்தது. அந்தத் தலைவலியை 1913-இல் வந்த வருமான வரி தீர்த்துவிட்டது.

ஆனாலும் சட்டம் எழுதிய கைகளின் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். காய்ச்சுகிறவன் குற்றவாளி, விற்கிறவன் குற்றவாளி, கொண்டுவருகிறவன் குற்றவாளி. வாங்குகிறவர்? குடிக்கிறவர்? அவர்களைப் பற்றித் திருத்தத்தில் ஒரு சொல் கிடையாது. தடை அமலுக்கு வந்த 1920 ஜனவரி 17-க்கு முன்னால் வீட்டில் வாங்கி அடுக்கி வைத்ததைக் கடைசிச் சொட்டு வரை குடிக்கலாம். வசதியுள்ளவர்கள் நிலவறையை நிரப்பிக்கொண்டார்கள். கூலி வாங்கிய கையோடு ஒரு கிளாஸ் பீர் குடிக்கிறவனால் எந்த நிலவறையை நிரப்ப முடியும்?

திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம், மினசோட்டாவின் ஆண்ட்ரூ வோல்ஸ்டெட் பெயரில் வந்தது. பெரிய மீசை வைத்த, அதிகம் பேசாத, கிரானைட் ஃபால்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர். பாவம், இவர் மதுவிலக்குப் பிரசாரகரே இல்லை. நீதித்துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்ததால் வந்த வினை. நூற்றில் அரைப் பங்கு ஆல்கஹால் இருந்தாலே அது போதைப் பொருள் என்று அவர் சட்டம் சொன்னது. ஜனாதிபதி வில்சன் நிராகரித்துத் திருப்பி அனுப்பினார். பிரதிநிதிகள் சபை அன்றைக்கே அதை மீறி நிறைவேற்றியது, மறுநாள் செனட்டும். சரி, நாட்டுக்கே மதுவிலக்குக் கொடுத்த மகானைத் தொகுதி மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்களா? 1922 தேர்தலில் தோற்கடித்தார்கள். தோற்கடித்தவர் ஓலே குவாலே என்ற லூத்தரன் பாதிரியார், அவரும் பக்கா டிரை. வோல்ஸ்டெட் நாத்திகர் என்று 1920-லேயே கிளப்பிவிட்டு உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தவர். நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த முறை சுயேச்சையாக நின்று ஜெயித்தே விட்டார். மதுவிலக்குத் தந்தையை மதுவிலக்குப் பாதிரியாரே வீட்டுக்கு அனுப்பிய ஊர் அது.

இனி கதாநாயகருக்கு வருவோம்.

ஜார்ஜ் காசிடி. வெஸ்ட் வர்ஜீனியாவின் வீலிங் ஊர்க்காரர். போரில் டாங்கிப் படையில் பிரான்ஸ் போய்விட்டு வந்தவர். வந்து பார்த்தால் வேலை இல்லை. நாடாளுமன்றக்காரர்களுக்குச் சரக்கு வேண்டும், நல்ல விலை தருவார்கள் என்று ஒரு நண்பர் காதில் போட்டார். முதலில் கிடைத்த இரண்டு வாடிக்கையாளர்கள் தென்மாநில எம்.பி.க்கள். இருவருமே மதுவிலக்குக்கு ஆதரவாக ஓட்டளித்தவர்கள் என்று காசிடியே பின்னால் எழுதினார்.

தொழில் பிடித்துக்கொண்டது. உறுப்பினர்களின் அலுவலகக் கட்டடத்துக்குள்ளேயே காசிடிக்கு ஓர் அறை கிடைத்தது. நாளைக்கு 20, 25 டெலிவரி. நியூயார்க்குக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் ரயிலேறி, பெட்டிகளில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு திரும்புவார். நாடாளுமன்ற வளாகத்தில் கனமான தோல்பெட்டியோடு ஒருவர் நடந்தால் சந்தேகப்பட யார் இருக்கிறார்கள்? பெட்டிக்குள் மசோதா இருக்கும், மனு இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். மேலே சபையில் மதுவிலக்கு நிதியை உயர்த்த வேண்டும் என்று ஒருவர் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருக்க, கீழே அவர் அறைக் கதவை இவர் தட்டிக்கொண்டிருப்பார்.

ஐந்து வருஷம் இப்படிப் போனது. 1925-இல் பிடிபட்டார். அன்றைக்கு வெளிர்பச்சை ஃபெல்ட் தொப்பி போட்டிருந்தார். பிடிபட்டவர் யார் என்று நிருபர்கள் கேட்டதற்குப் பச்சைத் தொப்பிக்காரன் என்று பதில் வர, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கீழ்ச்சபைக் கட்டடத்துக்குள் நுழையத் தடை விதித்தார்கள். காசிடி சட்டத்தை மதிக்கிறவர். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. செனட் கட்டடத்துக்குக் கடையை மாற்றிக்கொண்டார்.

இரண்டு சபைக்கும் உள்ள வித்தியாசத்தையும் அவர் கவனித்திருக்கிறார். கீழ்ச்சபைக்காரர்கள் தோளில் கைபோட்டுப் பேசுவார்களாம். செனட்டர்களுக்குக் கௌரவம் அதிகம், உதவியாளர் மூலமாகத்தான் கொடுக்கல் வாங்கல். ஒரு செனட்டர் புத்தக அலமாரியில்தான் பாட்டில் வைப்பார். காசிடியைத் தன் நூலகர் என்று அழைத்து, படிக்கப் புதிதாக ஏதாவது அனுப்பச் சொல்லுவாராம். அந்த அலமாரி அளவுக்கு வேகமாகக் காலியான நூலகம் அமெரிக்காவில் வேறு இருந்திருக்காது.

துணை ஜனாதிபதி சார்லஸ் கர்ட்டிஸ் காதுக்கு விஷயம் போனது. செனட்டின் தலைமை ஆசனத்தில் உட்காருகிறவர் அவர்தான். மதுவிலக்குத் துறையிலிருந்து ஓர் இளைஞரை வரவழைத்து செனட் கட்டடத்தின் ஸ்டேஷனரி அறையில் குமாஸ்தாவாக உட்காரவைத்தார்கள். காகிதமும் பேனாவும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே பையன் கண்காணித்தான். 1930 பிப்ரவரியில் காசிடி மறுபடி மாட்டினார். கூடவே அவருடைய வாடிக்கையாளர் நோட்டும் சிக்கியது.

வாஷிங்டனில் அன்று எத்தனை பேர் கும்பிடாத தெய்வத்தை எல்லாம் கும்பிட்டிருப்பார்கள்! வேண்டுதல் பலித்தது. அந்த நோட்டில் இருந்த பெயர்கள் வெளியே வரவே இல்லை. விற்றவருக்கு 18 மாதத் தண்டனை. வாங்கியவர்களுக்கோ சட்டப்படி ஒன்றும் இல்லை, அதை எழுதியதே அவர்கள்தானே! அந்தத் தண்டனையும் ஒரு மாதிரிதான். பகலில் சிறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து படுப்பார் என்று குடும்பத்தில் சொல்வார்கள்.

காசிடி சும்மா இருக்கவில்லை. 1930 அக்டோபர் கடைசியில், தேர்தலுக்குச் சில நாள் இருக்கும்போது, வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் முதல் பக்கத்தில் தொடர் எழுத ஆரம்பித்தார். ஐந்து உறுப்பினர்களில் நான்கு பேர் குடிக்கிறார்கள் என்றார். பெயர் மட்டும் ஒன்றுகூடச் சொல்லவில்லை. வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அவர் தர்மம். ஒட்டுமொத்த வளாகத்திலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

காசிடியிடம் வாங்காமல் சொந்தமாக ஏற்பாடு செய்துகொண்டவர்களும் உண்டு. சிகாகோவின் ஆல்ஃப்ரெட் மைக்கேல்சன் மதுவிலக்குச் சட்டங்களுக்குத் தவறாமல் கை கொடுத்த எம்.பி. 1928 தொடக்கத்தில் கியூபாப் பக்கம் போய்விட்டு ஃப்ளோரிடாவில் கீ வெஸ்ட் துறைமுகம் வழியாக ஊர் திரும்பினார். நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் பெட்டியைத் திறக்கவில்லை, சலாம் போட்டு அனுப்பினார்கள். ரயிலில் ஏற்றிய டிரங்குப் பெட்டி ஜாக்சன்வில் வந்ததும் ஒழுக ஆரம்பித்தது. எம்.பி.யின் பெட்டியிலிருந்து ஒழுகுவது என்ன என்பதை மோப்பம் பிடிக்க நாய்கூட வேண்டியிருக்கவில்லை. வழக்கு நடந்தது. அது என் பெட்டி என்று மைத்துனர் முன்வந்து பழியை ஏற்றுக்கொண்டார், எம்.பி. விடுதலை. நமக்கும் ஒரு மைத்துனர் இப்படி வாய்க்க வேண்டும். அதே இல்லினாயின் இன்னொரு டிரை உறுப்பினர் எட்வர்ட் டெனிசன் மேலும் பெட்டியில் விஸ்கி இருந்ததாக வழக்கு வந்தது. அது நிற்கவில்லை. ஆனால் 1930 தேர்தலில் அவர் நின்றார், விழுந்தார்.

கென்டக்கியின் ஜான் லாங்லி குடும்பக் கதைக்குத் தனியாக ஒரு நாடகம் போடலாம். விஸ்கி விற்பனைச் சதியில் 1924-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகியது. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே தேர்தல் வந்தது. மக்கள் மறுபடி அவரையே ஜெயிக்க வைத்தார்கள். மேல்முறையீடும் தோற்று 1926-இல் பதவி விலகி ஜெயிலுக்குப் போனார். அதே வருஷத் தேர்தலில் மனைவி காதரின் லாங்லி நின்றார், வென்றார். 1928-இலும் வென்றார். ஜனாதிபதி கூலிட்ஜைப் பார்த்துப் பேசிக் கணவருக்கு மன்னிப்பும் வாங்கினார். இனி தேர்தல் பக்கமே வரக் கூடாது என்பது அதற்கு நிபந்தனை. வெளியே வந்த லாங்லி செய்த முதல் காரியம், என் பழைய தொகுதியில் நானே நிற்கப் போகிறேன் என்று அறிவித்தது. உங்களுக்காக நாற்காலியைக் காலி செய்ய முடியாது என்றார் மனைவி. வீட்டுச் சண்டை ஊர்ச் சண்டையாகி, 1930-இல் அந்த அம்மாவும் தோற்றுப்போனார்.

அயோவாவின் ஸ்மித் புரூக்ஹார்ட் வேறு ரகம். இவர் நிஜமாகவே குடிக்காதவர். அதனால் ஆபத்து அதிகம். 1926-இல் வில்லார்ட் ஓட்டலில் ஒரு வால் ஸ்ட்ரீட் புள்ளி செனட்டர்களுக்கு விருந்து வைத்தார். விருந்தினர்களுக்கு வெள்ளிக் குடுவைகளில் விஸ்கி தயாராக இருந்தது. புரூக்ஹார்டும் உட்கார்ந்து சாப்பிட்டார். ஏப்பம் விட்டுப் போனவர் மூன்று வருஷம் கழித்து செனட் சபையில் எழுந்து, இன்ன ஓட்டல், இன்ன மேசை, குடுவை இங்கே இருந்தது என்று விலாவாரியாக வைத்தார். கிராண்ட் ஜூரி வரை போய்ச் சாட்சியும் சொன்னார். அதற்குப் பிறகு அவரைச் சாப்பிடக் கூப்பிட எத்தனை பேர் துணிந்தார்கள் என்பதைச் சரித்திரம் பதிவு செய்யவில்லை.

எதிர்ப்பக்கத்தில் வெளிப்படையாகக் கலாட்டா செய்த இரண்டு பேரைச் சொல்லாமல் விட்டால் பாவம். பால்டிமோரின் ஜான் ஃபிலிப் ஹில் சட்டத்தில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். விவசாயி வீட்டில் பழச்சாறு புளிக்க வைத்தால் அதற்குச் சலுகை உண்டு, நகரத்து ஏழைத் தொழிலாளியின் பீருக்குக் கிடையாது. சரி, நானும் விவசாயிதான் என்றார். பால்டிமோர் நகரத்தின் நட்டநடுவில் ஃபிராங்க்ளின் தெருவில் இருந்த தன் வீட்டுக்கு ‘ஃபிராங்க்ளின் பண்ணை’ என்று பெயர் வைத்தார். கொல்லை மரங்களில் கடையில் வாங்கிய ஆப்பிள்களைக் கட்டித் தொங்கவிட்டார். ஆப்பிள் சாறும் திராட்சைச் சாறும் புளிக்கப் போட்டார். இதில் எத்தனை சதவீதம் ஏறினால் குற்றம் என்று மதுவிலக்குத் துறைக்குக் கடிதம் எழுதினார். ஊரையே கூப்பிட்டு விருந்தும் வைத்தார். கைது செய்யுங்கள் என்று கெஞ்சாத குறை. கடைசியில் 1924-இல் வழக்குப் போட்டார்கள். வீட்டுப் பழச்சாற்றுக்கு அரைச் சதவீத விதி பொருந்தாது, குடித்தவனுக்கு உண்மையில் போதை ஏறுகிறதா என்பதுதான் கேள்வி என்றார் நீதிபதி. ஜூரி விடுதலை செய்தது. அதே மாதம் நடந்த தேர்தலிலும் ஹில் ஜெயித்தார்.

நியூயார்க்கின் லா கார்டியா இன்னும் எளிமையாக முடித்தார். 1926-இல் நிருபர்களைத் தன் நாடாளுமன்ற அலுவலகத்துக்கே வரவழைத்தார். மேசையில் இரண்டு பாட்டில். ஒன்று, போதை நீக்கிக் கடையில் விற்கும் சட்டபூர்வ பீர். இன்னொன்று, மருந்துக் கடையில் விற்கும் சட்டபூர்வ மால்ட் டானிக். ஏப்ரன் கட்டிய மனிதர் இரண்டையும் கலந்தார். நுரை பொங்கிற்று, இரண்டு சதவீத பீர் தயார். குடித்துப் பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். அங்கே யாரும் கைது செய்யவில்லை என்ற வருத்தத்தில் நியூயார்க்கில் ஹார்லெம் பகுதி மருந்துக் கடை ஒன்றில் பட்டப்பகலில் அதையே செய்தார். கூட்டம் கூடிவிட்டது. போலீஸ்காரரும் வந்தார். என்னைப் பிடியுங்கள் என்றார் எம்.பி. அது மதுவிலக்கு ஏஜென்டின் வேலை என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் போய்விட்டார். சட்டத்தை மீறுவதே இவ்வளவு கஷ்டமாகிவிட்டது.

நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு மூலை அறை இருந்தது. குடியரசுக் கட்சியின் சபாநாயகர் நிக்கலஸ் லாங்வொர்த்தும் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஜான் கார்னரும் சாயங்காலமானால் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். புது உறுப்பினர்களையும் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உலக ஞானம் புகட்டுவதால் அதற்குக் ‘கல்விக் குழு’ என்று பெயர். ஒரு மடக்குக் குடிப்பதை சுதந்திரத்துக்காக ஒரு குத்து விடுவோம் என்பார் கார்னர். சபையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிட்ட இரண்டு கட்சிகள் ஒற்றுமையாக இயங்கிய ஒரே குழு அதுதான். இருவரும் மதுவிலக்கை வெளிப்படையாகவே வெறுத்தவர்கள் என்பதால் அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு மரியாதை வருகிற இன்னொரு மனிதர் எதிர் முகாமில் இருக்கிறார். டெக்சாஸின் மாரிஸ் ஷெப்பர்ட். மதுவிலக்கை அரசியல் சட்டத்தில் ஏற்றிய பதினெட்டாம் திருத்தத்தை செனட்டில் கொண்டுவந்தவர். நிறையப் படித்தவர், நன்றாகப் பேசுகிறவர், சொன்னபடியே வாழ்ந்தவர். மதுவிலக்கு வந்த வருஷமே டெக்சாஸில் இவருடைய பண்ணை ஒன்றில் கள்ளச்சாராய ஊறல் பிடிபட்டதாகச் செய்தி வந்தது. ஒரு நாளைக்கு 130 காலன் காய்ச்சும் அளவுக்குப் பெரிய ஏற்பாடு. அவருக்கு இதில் சம்பந்தம் இல்லை, ஆனால் ஊர் சிரிக்கச் சம்பந்தம் எதற்கு? சரக்கு வாங்குகிறவரும் குற்றவாளிதான் என்று சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்ததும் இதே ஷெப்பர்ட்தான். நேர்மையான யோசனை. அதனாலேயே சக உறுப்பினர்கள் அதை எழுந்திருக்க விடவில்லை. வாஷிங்டன் நினைவுத் தூணை வாலில் கட்டிக்கொண்டு ஒரு தேன்சிட்டு செவ்வாய்க் கிரகத்துக்குப் பறந்தால், பதினெட்டாம் திருத்தமும் ரத்தாகலாம் என்று 1930-இல் அவர் சவால் விட்டார்.

தேன்சிட்டு மூன்று வருஷத்தில் பறந்தது. பொருளாதாரம் படுத்துவிட்டது, கஜானாவுக்கு மதுவரி வேண்டும். வீலர் 1927-இலேயே இறந்துபோனார். காலில் விழ ஆள் இல்லாததால் எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். மதுவிலக்கு மீறலுக்கு ஐந்து வருஷ ஜெயில் என்று 1929-இல் சட்டம் கொண்டுவந்த வாஷிங்டன் மாநிலத்தின் வெஸ்லி ஜோன்ஸ் 1932-இல் தோற்றார். 1933 பிப்ரவரியில் ரத்துத் தீர்மானம் செனட்டுக்கு வந்தபோது ஷெப்பர்ட் ஒற்றை ஆளாக எழுந்து எட்டு மணி நேரம் பேசித் தடுத்துப் பார்த்தார். துணைக்கு எழ ஒருவரும் இல்லை. வாய் வலித்ததுதான் மிச்சம். 63-க்கு 23 என்று தீர்மானம் நிறைவேறியது. 1917-இல் மதுவிலக்கை ஆதரித்து ஓட்டளித்தவர்களில் 22 பேர் அப்போதும் செனட்டில் இருந்தார்கள். அந்த 22 பேரில் 17 பேர் ரத்துக்கு ஆதரவு. கொள்கையில் மாற்றம் இல்லை: ஜெயிக்கிற பக்கம் ஓட்டு.

ரத்து அமலுக்கு வரும் வரைகூடப் பொறுமை இல்லை. 3.2 சதவீத பீர் போதை தராது என்று மார்ச் மாதம் ஒரு சட்டம் போட்டார்கள். 1919-இல் அரைச் சதவீதத்தில் தலைசுற்றிய அதே நாடாளுமன்றத்துக்கு 14 வருஷத்தில் உடம்பு தேறியிருந்தது. ஏப்ரல் 7 அன்று கடைகளில் பீர் வந்துவிட்டது.

மிச்சமிருந்தது மாநிலங்களின் ஒப்புதல். மறுபடி 36 வேண்டும். டிசம்பர் 5-ஆம் தேதி பென்சில்வேனியா கையெழுத்திட்டது, ஒஹையோ கையெழுத்திட்டது, கணக்கை முடித்து வைக்கும் பெருமைக்காக 36-ஆவதாக வந்து நின்றது யூட்டா. காபியைக்கூடப் பாவம் என்று தள்ளிவைக்கும் மார்மன் சமயத்தாரின் மாநிலம். குடிக்காதவர்கள் ஓட்டுப் போட்டு மதுக்கடையைத் திறந்துவைத்தார்கள்.